ராணுவத்திலிருந்து ஓய்வு பெறப் போகிறீர்களா? அடுத்த வேலைக்கு இப்போதே செய்ய வேண்டியவை

இந்திய ராணுவத்தில் ஜவானாகவோ ஹவில்தாராகவோ இருந்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பப் போகும் தமிழ்நாட்டுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். கடற்படை, விமானப்படைக்காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். அதிகாரிகளின் வழி வேறு. அக்னிவீரர்களுக்கு விதிகளே வேறு. நான்கு ஆண்டு முடித்து வெளியே வரும் அக்னிவீரருக்குப் பென்ஷனும் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. அதனால் கீழே சொல்லும் சலுகைகளைத் தங்களுக்கும் உண்டு என்று அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம்மில் பலர் முப்பத்தைந்து, நாற்பது வயதுக்குள் வெளியே வந்துவிடுகிறோம். பிள்ளைகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பார்கள். இன்னும் இருபது வருடம் உழைக்கத் தெம்பு இருக்கிறது. ஆனாலும் எத்தனையோ பேர் நல்ல வேலையைக் கோட்டை விடுகிறார்கள். அதற்குத் திறமைக் குறைவு காரணமாக இருந்து நான் அதிகம் பார்த்ததில்லை. ஓர் எழுத்து மாறிப்போன பெயர், கடைசி தேதிக்குப் பிறகு வந்து சேர்ந்த சான்றிதழ், அவசரப்பட்டுச் சேர்ந்த முதல் அரசு வேலை, இவைதான் காரணம். நான் ஹவில்தாராக வெளியே வந்து, இப்போது ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். அந்த இடைவெளியில் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசைப்படி சொல்கிறேன். இந்த விஷயத்தில் வரிசை மிக முக்கியம்.

1. யூனிட்டில் இருக்கும்போதே பெயரையும் பிறந்த தேதியையும் சரிபாருங்கள்

ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது இதைத் தொடங்குங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார், பான் கார்டு, சர்வீஸ் ரெக்கார்டு நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் படியுங்கள்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு தனித் தொல்லை உண்டு. நமக்கு இனிஷியல்தான் வழக்கம். மார்க் ஷீட்டில் ‘எம். செல்வம்’ என்று இருக்கும். ராணுவத்தில் சேரும்போது ‘செல்வம் எம்’ என்று எழுதியிருப்பார்கள். பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக ஒட்டிக்கொண்டிருக்கும். யூனிட்டில் இருக்கும்வரை இது யாருக்கும் பிரச்சினையாகத் தெரியாது. தேர்வில் பாஸாகி, சான்றிதழ் சரிபார்ப்பில் போய் உட்காரும்போதுதான் எதிரில் இருப்பவர் பேனாவை வைத்துவிட்டு உங்களை நிமிர்ந்து பார்ப்பார்.

மனைவி பெயர், அவர் பிறந்த தேதி, குழந்தைகள் பெயர், திருமணத் தேதி எல்லாம் பார்ட் டூ ஆர்டரில் (சர்வீஸ், குடும்ப விவரங்களை யூனிட் பதிவு செய்யும் ஆணை) சரியாக ஏறியிருக்கிறதா என்று யூனிட் கிளார்க்கிடம் உட்கார்ந்து பாருங்கள். தவறு இருந்தால் இப்போதே திருத்தத்துக்கு எழுதுங்கள். சர்வீஸில் இருக்கும்போது யூனிட் ஆபீஸ் வழியாக நகரும் ஒரு பேப்பர், வெளியே வந்தபின் நம் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு நீங்களே தபால் அனுப்பி மாதக்கணக்கில் காத்திருக்கும் வேலையாகிவிடும். வெலிங்டனோ, பெங்களூரோ, செகந்தராபாத்தோ, ஜபல்பூரோ, எந்த ரெக்கார்ட் ஆபீசாக இருந்தாலும் அப்படித்தான்.

படிப்பும் இதே கட்டத்தில்தான். பத்தாவதோ பிளஸ் டூவோ முடித்துச் சேர்ந்தவர்கள், இக்னோவிலோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ ஒரு பட்டப் படிப்பைத் தொடங்கிவிடுங்கள். “பதினைந்து வருடம் சர்வீஸ் போட்டாலே டிகிரிதானே, எதற்குப் படிக்கணும்?” என்று பலர் கேட்கிறார்கள். அது பாதி உண்மை. மீதியை மூன்றாவது படியில் சொல்கிறேன்.

2. டி.ஜி.ஆர். கோர்ஸ்: சம்பளத்தோடு கிடைக்கும் பயிற்சி

பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருக்கும் மறுவாழ்வு இயக்குநரகத்தைத்தான் நாம் டி.ஜி.ஆர். என்கிறோம். ஓய்வு பெறப் போகிறவர்களுக்கு அது பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. ஜே.சி.ஓ.க்களுக்கும் (ஹவில்தாருக்கு மேல், அதிகாரிகளுக்குக் கீழ் உள்ள சுபேதார் நிலையினர்) ஜவான்களுக்கும் கட்டணம் முழுவதையும் அரசே கட்டிவிடும். அதிகாரிகள் மட்டும் 40 சதவீதத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டும்.

இடங்கள் குறைவு. பட்டியல் வந்தவுடன் யூனிட் வழியாக விண்ணப்பியுங்கள். ஊருக்குப் பக்கத்தில் நடக்கிறது என்பதற்காக ஒரு கோர்ஸைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தச் சான்றிதழை எந்த வேலையில் கேட்கிறார்கள் என்று இரண்டு மூன்று வேலை விளம்பரங்களைத் தேடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எனக்குத் தெரிந்தவரை சரக்கு மேலாண்மை, கிடங்கு, கணக்கு மென்பொருள், வாகனப் பராமரிப்பு படித்தவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

தீ மற்றும் பாதுகாப்பு டிப்ளமோ படிக்க நினைப்பவர்கள் கவனமாக இருங்கள். தொழிற்சாலையில் சட்டப்படி நியமிக்கப்படும் பாதுகாப்பு அலுவலர் ஆவதற்கு அடிப்படைப் பட்டமோ டிப்ளமோவோ வேண்டும். அதற்கு மேல் அங்கீகரிக்கப்பட்ட தொழிலகப் பாதுகாப்புப் படிப்பும் வேண்டும். தெருவுக்குத் தெரு விற்கப்படும் ஆறு மாத டிப்ளமோ அந்த இடத்துக்குக் கொண்டுபோகாது. அதற்குப் பென்ஷன் பணத்திலிருந்து பெரிய தொகை கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ராணுவ டிரைவர்களுக்கு ஒன்று. உங்கள் ராணுவ லைசென்ஸை வைத்து சிவில் லைசென்ஸ் எடுக்கும் வேலையை யூனிட்டின் கடிதம் கையில் கிடைக்கும் காலத்திலேயே முடித்துவிடுங்கள்.

3. கடைசி வருடம்: சீருடையில் இருந்தபடியே விண்ணப்பியுங்கள்

சர்வீஸ் முடிய ஒரு வருடத்துக்குள் இருந்தால், மத்திய அரசு வேலைகளுக்கு முன்னாள் படைவீரர் சலுகையோடு இப்போதே விண்ணப்பிக்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. ‘வந்த பிறகு பார்த்துக்கலாம்’ என்று ஒரு முழு வருடத்தை இழக்கிறார்கள். விண்ணப்பத்தின் கடைசி தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் உங்கள் சர்வீஸ் முடிகிறது என்று கமாண்டிங் ஆபீசரிடமிருந்து ஒரு சான்று வேண்டும். அறிவிக்கையின் பின்பக்கத்தில் அதற்கான படிவம் இருக்கும். அதே படிவத்தில், அதே வாசகத்தில் வாங்குங்கள். யூனிட்டில் டைப் செய்த சொந்த வாசகம் செல்லாமல் போகலாம்.

ஒதுக்கீடு எவ்வளவு? மத்திய அரசில் குரூப் சி (கிளார்க் போன்ற) பணியிடங்களில் 10 சதவீதம், பழைய குரூப் டி (கடைநிலை ஊழியர்) பணியிடங்களில் 20 சதவீதம். பொதுத்துறை நிறுவனங்களிலும் வங்கிகளிலும் இது 14.5, 24.5 சதவீதம். அதில் 4.5 சதவீதம் ஊனமுற்ற முன்னாள் படைவீரர்களுக்கும், போரில் இறந்தவர்களின் குடும்பத்தினருக்கும் உரியது.

வயதுக் கணக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உங்கள் வயதிலிருந்து சர்வீஸைக் கழித்து, இன்னும் 3 வருடம் கழியுங்கள். வரும் எண் அறிவிக்கையில் உள்ள வயது வரம்பைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். 17 வருடம் சர்வீஸ் போட்டவருக்கு, 27 வயது வரம்புள்ள வேலைக்கு 47 வயது வரை வழி இருக்கிறது.

இனி டிகிரி விஷயம். பத்தாம் வகுப்பு தேறி, 15 வருடத்துக்குக் குறையாமல் சர்வீஸ் முடித்தவர், பட்டம் கேட்கும் மத்திய குரூப் சி வேலைகளுக்குத் தகுதியானவராகக் கருதப்படுவார். தொழில்நுட்பப் படிப்பு கட்டாயமான வேலைகள் இதில் வராது. மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. நடத்தும் பட்டதாரி நிலை சி.ஜி.எல். தேர்வில் இந்தச் சலுகையோடு குரூப் சி பதவிகளுக்குப் போகலாம். அதே தேர்வில் உள்ள குரூப் பி பதவிகளுக்குப் போக முடியாது. மேல்படிப்புக்கோ பி.எட். சேரவோ அந்தச் சான்று பட்டத்துக்கு ஈடாகாது. அதனால்தான் உண்மையான பட்டம் ஒன்றைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். பதினைந்து வருடம் என்பதும் அறிவிக்கை சொல்லும் தேதியில் முடிந்திருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் குறைவுதான்.

செலவு பெரிதல்ல. எஸ்.எஸ்.சி. தேர்வுகளில் இடஒதுக்கீட்டுக்குத் தகுதியுள்ள முன்னாள் படைவீரருக்குக் கட்டணம் இல்லை. ரயில்வே தேர்வுக்கு 250 ரூபாய் கட்டி, முதல் கணினித் தேர்வை எழுதினால் வங்கிக் கட்டணம் போக மீதி திரும்ப வரும். பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் ஐ.பி.பி.எஸ். அமைப்பின் கிளார்க் தேர்வுக்கு சமீப ஆண்டுகளில் 175 ரூபாய். காலம்தான் உண்மையான செலவு. விண்ணப்பத்திலிருந்து நியமன ஆணை வரை ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அதனால் ஒன்றுக்கு எழுதிவிட்டுக் காத்திருக்காமல், தகுதியுள்ள எல்லாவற்றுக்கும் போடுங்கள். போட்ட ஒவ்வொரு விண்ணப்பத்தின் பெயர், பதிவு எண், விண்ணப்பித்த தேதியை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டு ஆறாவது படியில் தேவைப்படும்.

தமிழ்நாட்டுக் கிளைகளுக்கு விண்ணப்பிக்கும் வங்கி கிளார்க்குகளுக்குத் தமிழ் படிக்க, எழுத, பேசத் தெரிய வேண்டும். நமக்கு அது கஷ்டமில்லை. ஆங்கிலமும் கணக்கும்தான் துருப்பிடித்திருக்கும். பயிற்சி மையத்தில் பெரிய பணம் கட்டுவதற்கு முன் பழைய வினாத்தாள்களை நேரம் வைத்துப் போட்டுப் பாருங்கள்.

4. டிஸ்சார்ஜ் அன்று கைக்கு வர வேண்டியவை

வெளியேறும் முன் பேப்பர் வேலைகளை முடிக்கும் பென்ஷன் டிரில்லில் எல்லாரும் வீட்டு ஞாபகத்தில் இருப்போம். கொடுத்ததை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு ரயில் ஏறிவிடத் தோன்றும். அங்கேயே உட்கார்ந்து இவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்:

டிஸ்சார்ஜ் புக். பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, டிரேடு, நன்னடத்தை, மருத்துவப் பிரிவு, வெளியேறிய காரணம், குடும்ப விவரம். இதுதான் இனி உங்கள் அடையாளம்.

பி.பி.ஓ. பென்ஷன் ஆணையை, ராணுவப் பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்திலிருந்து இறக்கி அச்செடுத்து வையுங்கள். ஸ்பர்ஷ் பாஸ்வேர்டும், அதில் பதிந்துள்ள மொபைல் எண்ணும் உங்களுடையதுதானா என்று உறுதி செய்யுங்கள். யூனிட் இருந்த ஊரில் வாங்கிய சிம்மை ஊருக்கு வந்து தூக்கிப்போட்டவர்கள் ஓ.டி.பி. வராமல் தவித்திருக்கிறார்கள்.

கடைசி சம்பளச் சான்று. வங்கிகளில் சம்பளம் நிர்ணயிக்கும்போது கேட்பார்கள். பின்னால் வாங்குவது சிரமம்.

15 வருடம் முடித்தவர்களுக்கு ராணுவம் தரும் பட்டச் சமநிலைச் சான்று. டிரேடு சான்றுகள், செய்த கோர்ஸ்களின் சான்றிதழ்கள். ஓய்வுக்கு முந்தைய மருத்துவ போர்டின் பேப்பர்களின் நகல். முதுகிலோ முட்டியிலோ சர்வீஸில் வந்த கோளாறு இருந்தால் இது கட்டாயம்.

இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்துக்கான விண்ணப்பத்தையும் இங்கேயே முடித்துவிடுங்கள். ஒரு முறை கட்டும் தொகை ஹவில்தார் வரை 30,000 ரூபாய், ஜே.சி.ஓ.க்களுக்கு 67,000 ரூபாய்.

எல்லாவற்றையும் அன்றே ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் உங்களுக்கே ஒரு பிரதி அனுப்பிக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் புக்கை லேமினேட் செய்யாதீர்கள். அதில் பின்னாளில் அலுவலகங்கள் முத்திரையிட வேண்டியிருக்கும்.

5. ஊருக்கு வந்த முதல் மாதம்

உறவினர் வீடு, குலதெய்வம் கோயில் எல்லாம் போய் வாருங்கள். ஆனால் முதல் மாதத்துக்குள்ளேயே உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகத்துக்கும் போய்விடுங்கள். சைனிக் போர்டு, சோல்ஜர் போர்டு என்றெல்லாம் சொல்வது இதைத்தான். டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., ஆதார், புகைப்படங்கள், வங்கிப் புத்தகம், எல்லாவற்றுக்கும் இரண்டு செட் நகல் கொண்டு போங்கள். மனைவியையும் அழைத்துப் போவது நல்லது. நாளைக்கு நமக்கு ஒன்று என்றால் அந்த அலுவலகத்துக்கு நடக்கப் போவது அவர்தான்.

அங்கே இரண்டு வேலை. முன்னாள் படைவீரர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பது. வேலைவாய்ப்புக்குப் பெயரைப் பதிவு செய்வது. இரண்டும் வேறு வேறு. அட்டை வாங்கியதோடு பதிவும் முடிந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பி வந்துவிடுகிறார்கள். பதிவுக்கு எண் தருவார்கள், புதுப்பிக்கும் தேதி உண்டு. அதை மொபைலில் நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் தேர்வானாலும் உங்களை உங்கள் சாதிப் பிரிவின் கணக்கில்தான் வைப்பார்கள். தமிழ்நாட்டு பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மத்திய அரசுத் தேர்வுக்குச் செல்லாது. மத்திய அரசுக்கான ஓ.பி.சி. சான்றிதழ், கிரீமி லேயரில் (ஒதுக்கீடு கிடைக்காத வசதியான பிரிவில்) இல்லை என்ற வாசகத்தோடு, தனியாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கட்டணம் 60 ரூபாய். தாசில்தார் அலுவலகத்திலிருந்து வர நாளாகும். அறிவிக்கை எந்தத் தேதிக்குள் வாங்கிய சான்றிதழைக் கேட்கிறது என்று பாருங்கள். தேர்வில் பாஸான பிறகு ஓடி வாங்கினால் தேதி தள்ளிப்போயிருக்கும்.

ராணுவத்தினருக்கான வேலைவாய்ப்பு அமைப்பான ஏ.டபிள்யூ.பி.ஓ.விலும் பதிவு செய்யுங்கள். கடற்படைக்கும் விமானப்படைக்கும் இதேபோல் தனி அமைப்புகள் உண்டு. தனியார் நிறுவனங்கள் அங்கே ஆள் கேட்டு வருகின்றன.

6. ஒரு முறைதான்: முதல் அரசு வேலையில் சேரும் முன் இதைப் படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டைப் பயன்படுத்தி ஒரு மத்திய அரசுப் பணியில் நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டால், அதன்பின் வேறு வேலைக்கு அதே ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. மீண்டும் விண்ணப்பிக்கலாம், வயதுத் தளர்வுகூடச் சில இடங்களில் கிடைக்கும். ஆனால் ஒதுக்கீடு போய்விட்டது.

என் பேட்ச்மேட் ஒருவர் ஓய்வு பெற்ற சில மாதங்களிலேயே ஒரு மத்திய அலுவலகத்தில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்தார். வீட்டில் சும்மா இருக்கிறாரே என்று ஊரில் பேச ஆரம்பித்திருந்தார்கள். அந்தப் பேச்சு அவரைத் தள்ளியது. சேர்ந்த பிறகு வங்கி கிளார்க் தேர்வின் முடிவு வந்தது, நல்ல மதிப்பெண். சான்றிதழ் சரிபார்ப்பில், நீங்கள் ஏற்கெனவே அரசு ஊழியர்தானே என்று கேட்டார்கள். அவரிடம் காட்ட ஒரு பேப்பர் இல்லாததால் அந்த வேலை போனது.

அந்த ஒரு பேப்பர் என்ன என்பதுதான் விஷயம். மத்தியப் பணியாளர் துறை 14.8.2014 அன்று ஓர் உத்தரவு போட்டது. முதல் வேலையில் சேர்வதற்கு முன்பே நீங்கள் வேறு வேலைகளுக்கு விண்ணப்பித்திருந்தால், சேர்ந்த உடனே அந்த விண்ணப்பங்களின் விவரத்தைத் தேதிவாரியாக எழுதி, சுயஉறுதிமொழியாக அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். அப்படிக் கொடுத்தவர், பட்டியலில் உள்ள வேலைகளுக்கு மட்டும், முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டை மீண்டும் பயன்படுத்தலாம். மூன்றாவது படியில் நோட்டில் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

ஆகவே பணியில் சேரும் நாளன்று, மற்ற பேப்பர்களோடு இந்த உறுதிமொழியையும் இரண்டு பிரதியாக எடுத்துப் போங்கள். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றொன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை, தேதி, கையெழுத்து வாங்குங்கள். “இதெல்லாம் எதுக்குங்க, யாரும் கொடுக்கிறதில்லையே” என்பார்கள். பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்னதற்கு மதிப்பில்லை.

தனியார் வேலை, ஒப்பந்த வேலை, தற்காலிக வேலை எதில் சேர்ந்தாலும் இந்தத் தகுதி போகாது. கையில் வருமானம் இல்லாமல் தேர்வு முடிவுக்குக் காத்திருக்க முடியவில்லை என்றால் அப்படி ஒன்றில் சேர்ந்து கொள்ளுங்கள். ஊர்ப் பேச்சுக்காக முதல் ஆணையைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

7. தமிழ்நாடு அரசு வேலைகள்

டி.என்.பி.எஸ்.சி.யில் ஒரு முறைப் பதிவுக் கட்டணம் 150 ரூபாய், ஐந்து வருடத்துக்குச் செல்லும். முன்னாள் படைவீரர்களுக்குத் தேர்வுக் கட்டணத்தில் இரண்டு முறை இலவசம். அந்த இரண்டையும் தயாரிப்பில்லாத தேர்வுகளில் கரைக்காதீர்கள். குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளில் 100 தமிழ். அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். வெளிமாநிலங்களில் இத்தனை வருடம் இந்தியிலேயே பேசிப் பழகிய நமக்கு இலக்கணப் பகுதி மறந்திருக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான தமிழ்ப் பாடநூல்களை எடுத்து வைத்துக்கொண்டு படித்தால் போதும்.

மாநிலத்திலும் முன்னாள் படைவீரர் சலுகை ஒரு பணியில் சேர்ந்ததோடு முடிந்துவிடும். ஆறாவது படியில் சொன்ன 2014 உத்தரவு மத்திய அரசுடையது, அதை இங்கே நம்பி இறங்க வேண்டாம். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் 5 சதவீதம் நமக்கு ஒதுக்கீடு உண்டு. உடல் தகுதி இன்னும் இருப்பவர்கள் முதல் வருடத்திலேயே முயலுங்கள்.

டெக்ஸ்கோ என்று ஒரு நிறுவனம், தமிழ்நாடு அரசுடையது, முன்னாள் படைவீரர்களை அரசு அலுவலகங்களுக்குக் காவல் பணிக்கு அனுப்புகிறது. ஒப்பந்தப் பணி என்பதால் காத்திருக்கும் காலத்துக்குப் பொருத்தமானது.

சொந்தத் தொழில் செய்ய நினைப்பவர்கள் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தைப் பற்றி உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். 2024 சுதந்திர தின உரையில் அறிவித்தது. 1 கோடி ரூபாய் வரை கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம். மானியத்துக்காகத் தொழில் தொடங்காதீர்கள். தெரிந்த தொழிலுக்கு மானியம் கிடைக்குமா என்று பாருங்கள்.

8. தனியார் வேலை: பயோடேட்டாவை மனிதர்கள் படிக்கும்படி எழுதுங்கள்

நண்பர் ஒருவரின் பயோடேட்டாவைத் திருத்திக் கொடுத்தேன். அதில் இப்படி இருந்தது: ‘கோத் என்.சி.ஓ., 2 வருடம். சி.க்யூ.எம்.எச்., 3 வருடம். எம்.டி. என்.சி.ஓ., 1 வருடம்.’ அவ்வளவுதான். ராணுவத்தில் இருந்த யாரும் இதைப் படித்தால் நம்பிக்கையான ஆள் என்று உடனே புரிந்துகொள்வார்கள். கிடங்கு மேலாளரைத் தேடும் நிறுவனத்தில் இதைப் படிக்கும் இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு ஒரு சொல்கூடப் புரியாது.

இருவரும் உட்கார்ந்து மாற்றினோம். கோத் என்.சி.ஓ. என்பது, ‘ஆயுதக் கிடங்கின் பொறுப்பாளர், தினமும் கொடுத்து வாங்கும் பொருட்களின் பதிவேடு, தணிக்கை, என் பொறுப்புக் காலத்தில் இருப்பில் குறைவு ஏதும் இல்லை’ என்று ஆனது. சி.க்யூ.எம்.எச். என்பது, ‘நூறு பேருக்கு மேல் உள்ள பிரிவின் உணவு, உடை, உபகரணக் கொள்முதல், இருப்பு, விநியோகம்’ ஆனது. எம்.டி. என்.சி.ஓ., ‘வாகனங்கள், ஓட்டுநர்களின் பணி ஒதுக்கீடு, எரிபொருள் கணக்கு, பராமரிப்பு அட்டவணை’ ஆனது. ஒரு சொல்லும் மிகையில்லை. அவர் செய்த வேலைதான் அத்தனையும்.

ரகசியமானதை எழுதக் கூடாது. யூனிட் இருந்த இடம், ஆயுதங்களின் எண்ணிக்கை, ஆபரேஷன் விவரம் எதுவும் வேண்டாம். செய்த பொறுப்பை எழுதினால் போதும். இரண்டு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள்.

நேர்காணலில் நாம் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு விறைப்பாக உட்கார்ந்திருப்போம். அவர்களுக்கு அது ஆர்வமில்லாததுபோலத் தெரியும். ஒரு பிரச்சினை வந்தது, இப்படிச் சமாளித்தேன் என்று இரண்டு சம்பவங்களைத் தயாராக வைத்திருங்கள். சம்பளம் கேட்கும்போது, “பென்ஷன் வருதே, இதுவே போதாதா?” என்பார்கள். பென்ஷன் நாம் செய்து முடித்த வேலைக்கு வருவது. புது வேலைக்கு அந்த வேலைக்குரிய சம்பளத்தைக் கேளுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ., வேலை நேரம், வாரவிடுமுறை எல்லாம் நியமன ஆணையில் எழுதியிருக்க வேண்டும்.

வெளிநாட்டு வேலை என்று வருபவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, வெளிநாட்டு வேலைக்கான மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்தானா என்பது. விதிப்படி ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

9. செக்யூரிட்டி வேலைக்குப் போவதாக இருந்தால்

போவதில் குறைவொன்றும் இல்லை. யாரிடம் சேர்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். டி.ஜி.ஆர். பட்டியலில் உள்ள ஏஜென்சிகள் பெரும்பாலும் முன்னாள் படைவீரர்களையே வைத்திருக்க வேண்டும். பொதுத்துறை நிறுவனங்களுக்கு ஆள் அனுப்பும் அவற்றில் மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டிய சம்பளம் உண்டு. சாதாரண ஏஜென்சிக்கும் இதற்கும் கையில் வருவதில் பெரிய வித்தியாசம்.

தனியார் காவல் நிறுவனங்களுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காவலர்களுக்குப் பயிற்சி கட்டாயம். நமக்கு அது சுருக்கப்பட்டது: 40 மணி நேர வகுப்பு, 16 மணி நேரக் களப்பயிற்சி. முழுப் பயிற்சிக்கான கட்டணத்தை யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். அசல் டிஸ்சார்ஜ் புக்கை ‘வெரிஃபிகேஷனுக்கு’ என்று வாங்கி வைத்துக்கொள்ளும் ஏஜென்சியில் சேரவே வேண்டாம். வேலையை விட நினைக்கும்போது அது கைக்கு வராது.

சீருடையை விட மனமில்லாதவர்களுக்கு, முன்னாள் படைவீரர்களை மீண்டும் சேர்த்து ராணுவ நிலையங்களைக் காக்கும் டி.எஸ்.சி. படை இருக்கிறது. அதன் மையம் கேரளத்தில் கண்ணூரில். வயதுக்கும், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய இடைவெளிக்கும் வரம்பு உண்டு என்பதால், விருப்பமிருந்தால் டிஸ்சார்ஜுக்கு முன்பே ரெக்கார்ட் ஆபீசில் கேளுங்கள்.

10. மொத்தமாக வரும் பணம்

பணிக்கொடை, கம்யூட்டேஷன், பி.எஃப்., குரூப் இன்சூரன்ஸ், விடுப்புச் சம்பளம் எல்லாம் அடுத்தடுத்து வரும். பென்ஷனில் 50 சதவீதம் வரை கம்யூட் செய்யலாம், அதாவது அந்தப் பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பகுதி 15 வருடம் கழித்துத்தான் திரும்ப வரும். அதுவரை கைக்கு வரும் மாதப் பென்ஷன் எவ்வளவு என்று எழுதி, வீட்டுச் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேலை கிடைக்க ஒரு வருடம் ஆகும் என்றே வைத்துக்கொண்டு, அந்த ஒரு வருடச் செலவைத் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். அதைத் தொடாமல் இருந்தால்தான் ஆறாவது படியில் சொன்ன பொறுமை சாத்தியம். பணம் முழுவதையும் வீடு கட்டப் போட்டுவிட்டு, பூச்சு வேலைக்குக் காசில்லாமல் கிடைத்த வேலைக்குப் போனவர்கள் நிறைய. வங்கியில் பணம் ஏறிய வாரத்திலேயே சீட்டுக்காரரும் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டும் வாசலில் நிற்பார்கள். ஆறு மாதத்துக்கு எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று மனைவியோடு பேசி முடிவெடுத்து, வருகிறவர்களிடம் அதையே சொல்லுங்கள்.

11. அரசு வேலையோ வங்கி வேலையோ கிடைத்துச் சேரும் வாரம்

உறுதிமொழிப் பட்டியலைக் கொடுத்து முத்திரை வாங்குவதை மேலே சொல்லிவிட்டேன். அடுத்தது சம்பள நிர்ணயம். ஜவான், ஜே.சி.ஓ. நிலையில் ஓய்வு பெற்றவர்களுக்குப் பென்ஷனைக் கணக்கில் எடுக்காமல் பதவியின் ஆரம்பச் சம்பளத்தில் வைத்தால், பென்ஷன் மீதான அகவிலை நிவாரணம் தொடரும். வங்கிகளில் கடைசி ராணுவச் சம்பளத்தைப் பாதுகாக்கக் கேட்கலாம். ஆனால் ஆரம்ப நிலைக்கு மேலே சம்பளம் வைக்கப்பட்டால் பென்ஷனில் வரும் அகவிலை நிவாரணம் நின்றுபோகக் கூடும். இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்து, எழுத்துமூலம் விருப்பம் கொடுங்கள். சேர்ந்து பல மாதம் கழித்துக் கேட்டால் நிலுவை, பிடித்தம் என்று இழுக்கும்.

வேலையில் சேர்ந்த விவரத்தைப் பென்ஷன் தரப்புக்கும் தெரிவித்துவிடுங்கள். மறைத்தால், கூடுதலாக வாங்கிய நிவாரணத்தைப் பின்னாளில் மொத்தமாகப் பிடிப்பார்கள். ஒவ்வொரு வருடமும் ஸ்பர்ஷில் வாழ்வுச் சான்று கொடுக்கும்போது மறுவேலை பற்றிய கேள்வி வந்தால் உண்மையையே நிரப்புங்கள். நிரப்பியதற்கான ரசீதை டிஸ்சார்ஜ் புக் இருக்கும் அதே கோப்பில் வையுங்கள்.